வளர்ந்து போகிற வாசகருக்கு எழுதுவது

பதினான்கு வயதில் உங்கள் நாவலைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கும் வாசகர், பத்தொன்பது வயதில் உங்கள் பெயரையே மறந்திருப்பார். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இளையோர் நாவல் என்ற தொழிலின் அடிப்படைக் கணக்கே அதுதான். துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு ஒருமுறை பிடிபட்ட வாசகர் நாற்பது வருடம் கூடவே வருவார். இளையோருக்கு எழுதுகிறவரின் நிலைமை எட்டாம் வகுப்பு ஆசிரியரின் நிலைமை: அவர் அதே வகுப்பில் நிற்க, பிள்ளைகள் வருடாவருடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். எவ்வளவு வேகமாக எழுதுவது, சோற்றுக்கு எதை நம்புவது, முடிவை மாற்றச் சொன்னால் என்ன பதில் சொல்வது, ஒப்பந்தத்தில் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான் நான் விடை தேடுகிறேன். புதிதாக எழுத வருகிறவர்களில் பலர் இதற்கு நேர்மாறாகத் திட்டம் போடுகிறார்கள். வருடத்துக்கு ஒரு புத்தகம், கிடைத்த வாசகரைக் கைநழுவ விடாமல் தொடர்ச்சியாக நான்கு பாகம், அதற்குள் பெயர் நிலைத்துவிடும் என்று. கையில் பிடித்துவைக்க முடியாத வாசகரைத் துரத்துவதைவிட, அடுத்தடுத்து வருகிற பதினான்கு வயதுக்காரர்கள் தேடி வந்து எடுக்கும்படி ஒரு புத்தகத்தை நிறுத்திவைப்பதுதான் இந்தத் துறையில் நீடித்தவர்கள் செய்தது என்பது என் கட்சி.

எஸ்.ஈ. ஹிண்டனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரத்துப் பெண். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை வைக்கிங் நிறுவனம் 1967-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 18. ஆண்பிள்ளைகளின் தெருச்சண்டைக் கதையை ஒரு பெண் எழுதினாள் என்றால் மதிப்புரை எழுதும் ஆண்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து, சூசன் எலோயிஸ் என்ற பெயரைச் சுருக்கி முதலெழுத்துகளாக்கியது பதிப்பகம். அதன்பின் 1971, 1975, 1979, 1988 என்று நான்கே இளையோர் நாவல்கள். இருபத்தோரு வருடத்தில் மொத்தம் ஐந்து. அதற்குப் பிறகு அந்த வகையில் நாவலே இல்லை. இன்றைய விளம்பரக்காரர் யாரிடமாவது இந்தப் பட்டியலைக் காட்டினால் "தேறாத கேஸ்" என்றுதான் சொல்வார். ஆனால் அந்த முதல் புத்தகம் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. இளையோர் எழுத்தில் வாழ்நாள் பங்களிப்புக்காக அமெரிக்க நூலகர்கள் தரும் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது 1988-இல் தொடங்கப்பட்டபோது முதலில் பெற்றவரும் அவர்தான். 2024-இல் அதே கதை பிராட்வேயில் இசை நாடகமாகி, சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை வாங்கியது. எழுதும்போது பள்ளி மாணவியாக இருந்தவருக்கு அப்போது எழுபத்தைந்து வயது.

இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாமா? புத்தகம் எந்த வழியாக வாசகரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் தள்ள முடியாது. தொடக்கத்தில் மருந்துக்கடை அலமாரிகளில் மலிவுப் பதிப்புகளோடு வைத்து விற்றபோது அது சரியாகப் போகவில்லை. ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்திய இடங்களில் மட்டும் விற்பதைக் கவனித்த பிறகே இப்படியொரு சந்தை இருப்பது பதிப்பாளருக்குப் புரிந்தது என்று ஹிண்டனே சொல்லியிருக்கிறார். படம் வந்த கதையும் அப்படித்தான். கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ அருகே லோன் ஸ்டார் என்ற பள்ளி. அங்கே நூலகம் பார்த்துக்கொண்டவரும் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து, இந்தக் கதையை நீங்கள் படமாக்க வேண்டும் என்று இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலாவுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அதுவரை அந்த நாவலைப் பற்றி அறியாத அவர் படித்துப் பார்த்து, டல்சாவிலேயே படம்பிடித்து 1983-இல் வெளியிட்டார். நாவல் வந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. 1967-இல் முதலில் படித்த பிள்ளைகள் முப்பதை நெருங்கியோ தொட்டோ இருப்பார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் புத்தகம் வந்தபோது பிறந்தே இராதவர்கள், அல்லது தொட்டிலில் கிடந்தவர்கள். புத்தகத்தை அவர்கள் கையில் சேர்த்தது ஒரு பள்ளி நூலகம். இளையோர் நாவலாசிரியரின் உண்மையான முகவர் பள்ளி நூலகர்தான் என்று நான் சொல்லிவருவது இதனால்தான். வெளியீட்டு விழாவுக்குச் செலவழிக்கிற பணத்தில் பாதிக்கு, ஊர் ஊராகப் பள்ளி நூலகங்களுக்குப் பிரதி அனுப்பினால் பலன் மெதுவாக வரும். ஆனால் வந்தால் நிற்கும்.

நிற்கிற புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையும் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். 'தி அவுட்சைடர்ஸ்' கதையைச் சொல்கிற பையன் போனிபாய்க்கு வயது 14. நண்பர்கள் செத்துப்போன துக்கத்தில் படிப்பு சரிந்து, ஆங்கிலப் பாடத்தில் தோற்கும் நிலைக்கு வந்துவிடுகிறான். நல்லதாக ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் தேற்றிவிடுகிறேன் என்கிறார் ஆசிரியர். அவன் எழுத உட்காருகிறான். நாம் அதுவரை படித்து முடித்த நாவல்தான் அந்தக் கட்டுரை. இதை எழுதிக்கொண்டிருந்த வருடத்தில் ஹிண்டனுக்குப் படைப்பெழுத்துப் பாடத்தில் கிடைத்த மதிப்பெண் 'டி'. உலகத்தின் பிரச்சினைகளையெல்லாம் பேசாமல், மதிப்பெண்ணுக்காக எழுதப்படும் ஒரு கட்டுரை என்ற சின்னச் சட்டகத்துக்குள் மூன்று சாவுகளை வைத்த கெட்டிக்காரத்தனம் எனக்கு எப்போதும் வியப்பு. அந்தக் கதையில் வரும் காரும் தலைவாரலும் பழசாகிவிட்டன. ஆனால் ஆசிரியர் நீட்டும் கடைசி வாய்ப்பு எந்தத் தலைமுறைப் பிள்ளைக்கும் புரியும். எழுதும்போது நான் வைத்துக்கொள்ளும் சோதனையும் இதுதான்: இந்தக் காட்சியிலிருந்து செல்பேசியின் மாடலையும் அந்த வருடத்துப் பாட்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

முதல் புத்தகத்தின் புகழ் ஹிண்டனை முடக்கிப்போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. அடுத்து எழுதுவதை ஊரே படிக்கும் என்ற பயத்தில் வருடக்கணக்கில் ஒரு வரி ஓடவில்லை. பிறகு கணவரான காதலர், தினம் இரண்டு பக்கம் எழுதினால்தான் வெளியே போகலாம் என்று நிபந்தனை போட்டு உட்காரவைத்தார். அப்படிச் சேர்ந்ததுதான் 1971-இல் வந்த இரண்டாம் நாவல். இரண்டு பக்கம் என்ற அளவு எனக்குப் பிடிக்கும். எந்த வேலை நாளிலும் அடங்கும். மனம் சரியில்லை என்று தட்டிக்கழிக்கக் கூச்சமாக இருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். இளையவரே எழுதியதால்தானே அந்தக் குரல் நம்பும்படி இருந்தது, நடுவயதுக்காரர் எழுதினால் புத்திமதியாகத்தானே முடியும் என்று. ராபர்ட் கார்மியர் இதற்குப் போதுமான பதில். மாசசூசெட்ஸ் மாநிலத்து லெமின்ஸ்டர் ஊர்க்காரர், செய்தித்தாளில் வேலை. 'தி சாக்லெட் வார்' 1974-இல் வந்தபோது அவருக்கு வயது 49. அவருடைய மகன் பள்ளி நிதிக்காகச் சாக்லெட் விற்க மாட்டேன் என்று மறுத்துவிட்டான். பள்ளியும் பேசாமல் ஏற்றுக்கொண்டது. நடந்தது அவ்வளவுதான். ஏற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்று கார்மியர் யோசித்தார். நாவல் அங்கே பிறந்தது. மறுத்த பையன் கடைசியில் அடித்து நொறுக்கப்படுகிறான், நியாயம் எதுவும் கிடைப்பதில்லை. இந்த முடிவு இளையோருக்கு ஆகாது என்று பதிப்பகங்கள் சில திருப்பி அனுப்பின, அவர் மாற்றவில்லை. 1977-இல் வந்த 'ஐ ஆம் தி சீஸ்' நாவலில் ஒரு பெண்ணின் தொலைபேசி எண் என்று தன் வீட்டு எண்ணையே போட்டார். பிள்ளைகள் கூப்பிட்டார்கள், அவரும் எடுத்துப் பேசினார். வயது ஏற ஏற இளையவரின் குரல் காதிலிருந்து நழுவும் என்பது உண்மைதான். அதற்கு மருந்து அவர்களோடு பேசுவதே தவிர, அவர்களைப் போலப் பேச முயல்வது இல்லை. கவனிக்க வேண்டிய இன்னொன்று, இளையோர் நாவல்கள் வந்த பிறகும் 1978 வரை அவர் செய்தித்தாள் வேலையை விடவில்லை. மாதச் சம்பளம் இருந்ததால்தான் முடிவை மாற்ற முடியாது என்று சொல்லும் தைரியம் வந்தது என்பது என் ஊகம். வீட்டு வாடகைக்குக் காத்திருக்கிறவர் அந்த வரியை மாற்றிக் கொடுத்திருப்பார்.

குறைவாக எழுது என்கிறாயே, வால்டர் டீன் மையர்ஸ் நூறு புத்தகத்துக்கு மேல் எழுதவில்லையா என்று கேட்டால், அது வலுவான கேள்வி. நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல் 17 வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். பிறகு பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருந்து, அந்த வேலை போன பிறகு முழுநேரமாக எழுதினார். தினமும் ஐந்து பக்கம் என்ற கட்டுப்பாடு. ஆகவே என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: எண்ணிக்கை குறைய வேண்டும் என்பது விதி இல்லை. மையர்ஸின் புத்தகங்கள் நாலாபக்கமும் சிதறவில்லை என்பதே விஷயம். தன்னைப் போன்ற கறுப்பினப் பையன்கள் தங்களைப் புத்தகத்தில் பார்ப்பதில்லை என்ற ஒரே குறையை நாற்பது வருடம் நிரப்பிக்கொண்டிருந்தார். சிறார் சிறைகளுக்குப் போய்ப் பிள்ளைகளோடு பேசினார். கொலை வழக்கில் சிக்கிய 16 வயதுப் பையன் தன் விசாரணையைத் திரைக்கதையாக எழுதிக்கொள்ளும் 'மான்ஸ்டர்' 1999-இல் வந்தது. இளையோர் நூல்களுக்கான பிரிண்ட்ஸ் விருது 2000-இல் முதன்முதலாகக் கிடைத்தது அதற்குத்தான். அத்தனை புத்தகத்துக்கும் வாசகர் ஒரே வகை என்பதால் ஒன்று இன்னொன்றைத் தூக்கி நிறுத்தியது. அப்படியொரு குறையைக் கண்டுபிடித்தவர் தாராளமாக நூறு எழுதலாம்.

இன்று நிலைமையே வேறு, வாங்குகிறவர்கள் பெரியவர்கள் என்பது அடுத்த மறுப்பு. அமெரிக்காவில் இளையோர் நூல்களை வாங்குவோரில் 55 சதவீதம் பேர் 18 வயதைக் கடந்தவர்கள் என்று புத்தகச் சந்தையை ஆராயும் பௌக்கர் நிறுவனம் 2012-இல் கணக்குச் சொன்னது. 'ட்வைலைட்', 'தி ஹங்கர் கேம்ஸ்' போன்றவற்றின் விற்பனையை இவர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. பெரியவர் வளர்ந்து போக மாட்டார், ஆகவே வாசகரைப் பிடித்துவைக்க முடியும்தானே? முடியும், அதற்கு ஒரு விலை உண்டு. இருபத்தைந்து வயதுக்காரரின் ரசனைக்கு எழுத ஆரம்பித்தால் பதினேழு வயதுக் கதாபாத்திரம் இருபத்தைந்தின் நினைப்போடு நடமாடும், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அலமாரியில் ஒன்றும் இராது. பெரியவர்களின் பணம் புதிதாக வந்ததைத் தேடிப் போகும். பழைய புத்தகத்தை இருபது வருடம் அச்சில் வைத்திருப்பது பள்ளிதான். பெரியவர்கள் வாங்கினால் மகிழ்ச்சியோடு ராயல்டியை வாங்கிக்கொள்ளுங்கள். எழுதும்போது மட்டும் அவர்களை அறைக்குள் விடாதீர்கள்.

பள்ளியை நம்பச் சொல்வதில் ஓர் ஆபத்து இருப்பதை மறைக்க மாட்டேன். உள்ளே விட்ட கதவே மூடவும் செய்யும். ஜூடி ப்ளூமின் 'ஃபாரெவர்' நாவல் 1975-இல் வந்ததிலிருந்து பதின்மவயதுப் பெண்ணின் பாலுறவைப் பேசியதற்காக எத்தனையோ நூலகங்களில் எதிர்ப்பைச் சந்தித்தது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் 2004-ஆம் வருடப் பட்டியலில் மிக அதிக எதிர்ப்பைச் சந்தித்த நூல் 'தி சாக்லெட் வார்'. வெளிவந்து முப்பது வருடம் கழித்து! எதிர்ப்பைத் தவிர்க்க முன்கூட்டியே தணிக்கை செய்துகொள்வது புத்திசாலித்தனம் என்று தோன்றலாம். ஆனால் யாருக்கும் உறுத்தாத புத்தகத்துக்காக எந்த நூலகரும் கூட்டத்தில் எழுந்து நின்று வாதாட மாட்டார். ப்ளூமும் கார்மியரும் இன்னும் அச்சில் இருப்பதற்கு அப்படி வாதாடிய நூலகர்களும் ஒரு காரணம்.

தமிழில் இந்த அலமாரியே இன்னும் சரியாக உருவாகவில்லை. அம்புலிமாமா, கோகுலம் படித்த பிள்ளை நேராகக் கல்கிக்கும் சுஜாதாவுக்கும் தாவுவதுதான் வழக்கமாக இருந்தது. இங்கே நூலக ஆணை வந்தால்தான் பதிப்பாளர் மூச்சுவிடுவார் என்பதால், ஒருமுறை வாங்கிய நூல் மறுபதிப்புக்குப் போகாமல் நின்றுவிடும் அபாயம் அதிகம். அதனால் மேலே சொன்னதிலிருந்து நடைமுறைக்கு நான் எடுத்துக்கொள்வது ஒப்பந்தம் பற்றியதுதான். நம்மில் பலர் வாய்வார்த்தையில் புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறோம். முன்பணம் எவ்வளவு என்று பேரம் பேசுவதைவிட, மறுபதிப்பு யார் கையில் இருக்கிறது என்பதில் கறாராக இருங்கள். திரைப்படம், மேடை, பாடநூலில் சேர்க்கும் அனுமதி, மொழிபெயர்ப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை; மொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள். வருடத்தில் இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் நூல் அச்சில் இல்லை என்று பொருள், உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்பதை எண்ணிலேயே போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மின்நூல் கிடைக்கிறதே, ஆகவே அச்சில் இருப்பதாகத்தான் அர்த்தம் என்று பிற்பாடு யாரும் வாதாட முடியாதபடி, அதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.