மாட்டுக்கு வயிறு உப்பினால்...



கொட்டகையில் நிற்கும் கறவை மாடு நமக்கு இரண்டாவது சம்பளம். பிள்ளைகளுக்குப் பாலும் அதுதான், பள்ளிச் செலவுக்குக் காசும் அதுதான். காலையில் நன்றாக மேய்ந்த மாடு மத்தியானத்துக்குள் வயிறு உப்பிச் செத்து விழுந்தால், "யார் கண்ணு பட்டுச்சோ!" என்று அழுகிறோம். கண்ணும் இல்லை, செய்வினையும் இல்லை. காரணம் மாட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது.

மாட்டு வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறைதான் பெரியது. வளர்ந்த பசுவுக்கு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். தின்ற புல்லை அங்கே கோடிக்கணக்கான கிருமிகள் புளிக்க வைக்கின்றன. தோசை மாவு பொங்குகிற மாதிரிதான். அப்போது மணிக்கு 30 லிட்டருக்கும் மேல் காற்று உண்டாகும். மாடு அதை ஏப்பமாக விட்டுவிடும். ஆகவே காற்று உண்டாவது நோயல்ல. அது வெளியேற முடியாமல் போவதுதான் நோய்.

மழைக்குப் பின் தளதளவென்று வளர்ந்த இளம்புல், கன்றுக்காட்டில் மண்ணை மூடப் போட்ட பயற்றுக் கொடி, இவற்றைப் பசியோடு இருக்கும் மாடு அவசரமாகத் தின்றால் வயிற்றில் நுரை கட்டும். நுரைக்குள் சிக்கிய காற்று ஏப்பமாக வராது. மரவள்ளித் துண்டோ மாங்கொட்டையோ தொண்டையில் அடைத்தாலும் இதே கதிதான்.

எப்படித் தெரியும்?

இடது பக்கம், விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் மேடாகும். தட்டினால் 'டம் டம்' என்று மேளம் போல் கேட்கும். மாடு அசை போடாது, வயிற்றை உதைத்துக்கொள்ளும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும்.

உடனே என்ன செய்வது?

ஒருவர் மிருக வைத்தியருக்குச் சொல்லி அனுப்புங்கள். வயிறு நுரையீரலை நெருக்குவதால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மாட்டைப் படுக்க விடாதீர்கள். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். வாயில் குறுக்காக ஒரு குச்சியைக் கட்டினால் மென்றுகொண்டே இருக்கும். எச்சில் ஊறும், ஏப்பம் வரவும் உதவும்.

தொண்டை அடைப்பு இல்லையென்றால், பெரிய மாட்டுக்குக் கால் முதல் அரை லிட்டர் சமையல் எண்ணெய் கொடுக்கலாம், நுரை உடையும். தலையை அண்ணாந்து தூக்காதீர்கள், நாக்கை இழுக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், இருமினால் நிறுத்திவிடுங்கள். எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அதுவே எமன். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். கத்தியால் வயிற்றைக் குத்துவதும் நம் வேலை அல்ல.

வராமல் தடுக்க:

வேலைக்குப் போகும் அவசரத்தில் வெறும் வயிற்று மாட்டை ஈரப் புல்லில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். முதலில் வைக்கோலோ, முதல்நாள் அறுத்து வாடிய புல்லோ போடுங்கள். புதுத் தீவனத்தை ஒரு வாரம், பத்து நாளில் சிறுகச் சிறுகப் பழக்குங்கள். கிழங்கைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள்.

இன்று மாலை கொட்டகைக்குப் போனதும் மாட்டின் இடது விலாவைத் தடவிப் பாருங்கள். நல்லா இருக்கும்போது எப்படி இருக்கும் என்று கை அறிந்திருந்தால், கெட்ட நேரத்தில் கண் ஏமாறாது.