மெலிவதெல்லாம் நலமல்ல

மெலிந்தவரைக் கண்டால் "மாஷா அல்லாஹ்" என்று மகிழ்கிறோம். முயற்சி செய்யாமலே எடை இறங்கினால் அது சர்க்கரை கூடியதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எடை குறைந்துவிட்டதே என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வியர்த்தால் கொழுப்பு கரையும் என்பதும் தவறு, வெளியேறுவது தண்ணீரே. நோன்பு வைத்தாலே எடை குறைந்துவிடாது. இஃப்தாரில் உண்ணும் சமோசாவும் சர்பத்தும் அதை ஈடுகட்டிவிடும்.

எடையோடு இடுப்பையும் அளப்போம். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. நடப்பதற்குச் செலவில்லை. 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் பெரம்பலூர், அரியலூர் உட்பட மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. உடல் அமானிதம், குடும்பத்தோடு பேணுவோம், இன்ஷா அல்லாஹ்.