கிழமைகள் ஏன் இந்த ஒழுங்கில் வருகின்றன?

ஞாயிறுக்குப் பின் திங்கள், திங்களுக்குப் பின் செவ்வாய் என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த பாடம். ஆயினும் இவ்வொழுங்கு எங்கிருந்து வந்தது? ஒளியை நோக்கினால் சந்திரனுக்கு அடுத்து வெள்ளி வரவேண்டும். வேகத்தை நோக்கினாலும் பொருந்தவில்லை. விடை, சுபகாரியங்களுக்குப் பஞ்சாங்கத்தில் பார்க்கும் ஓரை அட்டவணையிலேயே உள்ளது.

வான் மண்டலத்தை ஒருமுறை சுற்றிவரச் சனி ஏறத்தாழ 29½ ஆண்டு எடுக்கும். குரு 12 ஆண்டு. சந்திரனோ 27 நாட்களுக்குச் சற்றுக் கூட. இவ்வாறு மெதுவானதில் தொடங்கிச் சனி, குரு, செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் எனப் பழைய கணிதர் வரிசைப்படுத்தினர். ஒவ்வொரு மணிக்கும் ஒரு கிரகம் அதிபதி. சனிக்கிழமை உதயத்தில் சனி ஓரை. 22ஆவது ஓரையும் சனியே. 23ஆவது குரு, 24ஆவது செவ்வாய். மறுநாள் உதயம் சூரியனுக்கு உரியதாகிறது. அதனாலேயே அது ஞாயிற்றுக்கிழமை. அங்கிருந்து அதே விதமாக எண்ணினால் திங்கள், செவ்வாய் எனத் தவறாது வரும். கிழமை என்றால் உரிமை என்று பொருள். தமிழ்ச் சொல்லே இக்கணக்கைச் சொல்லிவிடுகிறது!

இக்கணக்கு எங்கே பிறந்தது? நாளை 24 ஆகப் பகுத்தவர் எகிப்தியர். கிரகங்களை இவ்வாறு நிரைப்படுத்தியவர் கிரேக்க சோதிடர். அகோராத்திரம் என்பதன் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் நீங்கி 'ஹோரா' ஆயிற்று என வராகமிகிரர் கூறுவர். அழகிய விளக்கமே, ஆயினும் அது 'ஹோரா' என்னும் கிரேக்கச் சொல்லே என்பது இன்றைய அறிஞர் முடிபு. கணக்கும் இதற்குச் சான்று. இந்திய முறைப்படி நாளை 60 நாழிகையாக்கி நாழிகைக்கொரு கிரகத்தை வைத்தால், சனிக்கு மறுநாள் வெள்ளி, அதன் மறுநாள் வியாழன் என வாரம் முழுவதும் பின்னோக்கி ஓடும்! ஆகவே 24 மணி வழங்கிய இடத்திலேயே இவ்வொழுங்கு தோன்றியிருத்தல் வேண்டும்.

கிழமை குறித்த மிகப் பழைய இந்தியக் கல்வெட்டுகளுள் ஒன்று மத்தியப் பிரதேசத்து ஏரணில் உள்ளது. கி.பி. 484ஆம் ஆண்டுக்குரிய அது வியாழக்கிழமையைக் குறிக்கிறது. சனி முதலாக நான்காவது நான்காவதாக வருபவரே நாளின் அதிபதி என்னும் விதியை, கி.பி. 476இல் பிறந்த ஆரியபடர் தம் ஆரியபடீயத்தில் தெளிவுற வகுத்துள்ளார்.

நவக்கிரகம் ஒன்பதாயிருக்கக் கிழமை ஏழானதேன் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. இராகுவும் கேதுவும் சூரிய சந்திரர் பாதைகள் வெட்டும் புள்ளிகள். கண்ணுக்குத் தோன்றுவன அல்ல. ஓரை வரிசையில் அவற்றுக்கு இடமில்லை. எனவே கிழமையும் இல்லை.