வெட்டவெளித் தடத்தில் கயோட்டிக்குக் கண்ணி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டருக்குப் புல் மூடிய மணற்குன்றுகள் விரிந்து கிடக்கின்றன. மரம் அபூர்வம். மாடு வளர்ப்புதான் பிழைப்பு. குளிர்காலக் கடைசியில் பசுக்கள் கன்று ஈனத் தொடங்கும்போது கயோட்டிகள் கன்றுகளைத் தேடிச் சுற்றி வரும். அகராதியில் கயோட்டி, பண்ணைக்காரர் வாயில் ‘கயோட்’. நம் குள்ளநரியைவிடக் கொஞ்சம் பெரிய உருப்படி.

நம் ஊர் வாசகர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே நரிக்கோ முயலுக்கோ கண்ணி வைப்பது குற்றம். அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. சில இடங்களில் கண்ணிக்கே தடை. மற்ற இடங்களில் பூட்டின் வகை, வளையத்தின் அளவு, பெயர்த்தகடு என்று நிபந்தனைகள் உண்டு. அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படிக்காமல் கம்பியைத் தொடாதீர்கள்.

அடுத்த கேள்வி, கண்ணி வைக்கப்போகும் மேய்ச்சல் நிலத்தில் மாடு இருக்கிறதா என்பது. இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கண்ணிக்குக் கன்றும் ஒன்றுதான், கயோட்டியும் ஒன்றுதான். மந்தையை வேறு நிலத்துக்கு ஓட்டிவிட்டு, காலியாகக் கிடக்கும் குளிர்கால நிலத்தில்தான் வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரிடம் சொல்லுங்கள், வாயிற்கதவில் எழுதி மாட்டுங்கள். வேட்டை நாயோடு வருகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

பிறகு நடங்கள். கம்பி கட்டுவதைவிட நடப்பதற்கே அதிக நேரம் ஆகும், ஆகவும் வேண்டும். மாடுகள் ஆண்டுக்கணக்கில் மிதித்த ஒற்றையடித் தடங்கள் காற்றாலை நீர்த்தொட்டியிலிருந்து குன்று இடுக்குகள் வழியாகப் போகும். கயோட்டியும் கால் நோகாத அந்த வழியில்தான் போகும். ஈர மணலில் குனிந்து பாருங்கள். நாயின் அடி உருண்டையாக, நகங்கள் விரிந்து பதியும். கயோட்டியின் அடி நீள்வட்டம், நடு நகங்கள் இரண்டும் நெருங்கி முன்னோக்கி இருக்கும். நாய் அலைந்து திரிந்து போகும். கயோட்டி முன்கால் பதித்த குழியிலேயே பின்காலையும் வைத்து, நூல் பிடித்தாற்போல் போகும். வழியில் மயிர் கலந்த எச்சம் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

வெட்டவெளியின் சிக்கல், விலங்கு விலகிப்போக இடம் தாராளமாக இருப்பதுதான். அதனால் தடம் தானாகவே குறுகும் இடத்தைத் தேடுங்கள்: ஒருபுறம் யூக்காப் புதர், மறுபுறம் மண்சரிவு, அல்லது தடம் பள்ளத்திலிருந்து மேலேறத் தொடங்கும் இடத்தில் உயர்ந்த புல்கொத்துகள். போதாவிட்டால் காய்ந்த தண்டு இரண்டை ஓரமாக ஊன்றலாம். அதற்குமேல் செய்தால் வேலி போட்டதுபோல் ஆகிவிடும். கயோட்டி நின்று யோசிக்கும். செத்த மாடு கிடக்கும் இடத்தின் பக்கமே போகாதீர்கள். அங்கே கழுகுகள் இறங்கும். அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

கண்ணிக்குப் பெரும்பாலும் 3/32 அங்குல முறுக்குக் கம்பிதான். புதுக் கம்பி பளபளக்கும். சமையல் சோடா போட்ட நீரில் கொதிக்க வைத்து, வெளியே காற்றில் தொங்கவிட்டால் மங்கிவிடும். இழுத்தால் இறுகும் பூட்டு, முறுக்கேறாமல் சுற்றிக்கொடுக்கும் சுழல் வளையம் ஆகியவற்றோடு இன்னும் இரண்டு உறுப்புகளைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, வளையம் ஓர் அளவுக்குக் கீழே சுருங்காமல் தடுக்கும் சிறு கவ்வி. மான் கால் வைத்தால் உருவிக்கொள்ளலாம். மற்றது, பெரிய விலங்கு பலமாக இழுத்தால் பிரிந்துகொடுக்கும் கொக்கி. இவை இல்லாத கண்ணி மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள்.

மணலில் சாதாரண முளை நிற்காது. ஆழமாக அடித்து இழுத்தால் குறுக்கே திரும்பிப் பிடித்துக்கொள்ளும் மண் நங்கூரம்தான் சரி. பக்கத்தில் ஒரு தாங்கு கம்பியை ஊன்றி, அதன் வளைவில் கண்ணிக் கம்பியைச் செருகுங்கள். அங்கே காற்று ஓயாது. வளையம் ஆடினால் வேலைக்கு ஆகாது. வளையம் 10 முதல் 12 அங்குலம் அகலம். அடிவிளிம்பு தரையிலிருந்து சுமார் 10 அங்குலம், அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேலே. தலையைத் தாழ்த்தி நடக்கும் கயோட்டியின் மூக்கு நேராக உள்ளே போகும் உயரம் அது. பனி பெய்து நாலு அங்குலம் படிந்தால் கணக்கு மாறிவிடும். மறுபடி சரிசெய்ய வேண்டும். கையுறையோடு, தடத்தை மிதிக்காமல், ஓரமாக நின்றே இதையெல்லாம் செய்யுங்கள்.

தினமும் காலையில் போய்ப் பாருங்கள். முடியாது என்றால் வைக்காதீர்கள். கம்பி வெட்டும் கத்தரி கையில் இருக்கட்டும்: சங்கிலிக்குப் பழகிய நாய் மாட்டினால் பெரும்பாலும் அமைதியாக உட்கார்ந்திருக்கும், வெட்டிவிடலாம். உயிரோடு நிற்கும் கயோட்டியைத் தவிக்கவிடாமல் ஒரே குண்டில் முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு கண்ணிக்கும் எண் கொடுத்து, இடத்தோடு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். புல் முளைத்தபின் அந்தக் கம்பி உங்கள் கண்ணுக்கே தெரியாது. பன்னிரண்டு வைத்திருந்தால், பன்னிரண்டும் எண்ணி வண்டியில் ஏறிய பிறகே மாடுகளுக்கு வாயிற்கதவைத் திறவுங்கள்.