இரண்டாவது கடல்மீன் தொட்டியை இணைக்க முன்

கடல்மீன் வளர்ப்பைப் பொழுதுபோக்காக ஆரம்பித்து, பின்னர் அதையே வீட்டோடு ஒட்டிய சிறு வியாபாரமாக மாற்றிக்கொண்ட சகோதரர்கள் நம்மிடையே இருக்கின்றனர். ஒரு கட்டத்தில் இவர்களுக்கு வரும் யோசனை ஒன்றுதான். முன் ஹாலில் இன்னொரு தொட்டியை வைத்து, ஏற்கனவே உள்ள சம்புடனேயே இணைத்துவிட்டால் செலவு குறையுமே என்பதுதான் அது. அந்த இணைப்பின் கணக்கை இவ்வாரம் பார்ப்போம்.

சம்ப் என்பது காட்சித் தொட்டிக்குக் கீழே, அலுமாரிக்குள் இருக்கும் தொட்டி. மேலே நிரம்பும் நீர் வழிவாயில் விழுந்து, குழாய் வழியே சம்புக்கு இறங்குகிறது. அங்கே வடிகட்டி, ஸ்கிம்மர் எல்லாவற்றையும் கடந்த பின் பம்பு அதை மறுபடி மேலே ஏற்றுகிறது. இரண்டாவது தொட்டியையும் இதில் சேர்த்தால் ஸ்கிம்மர் ஒன்று போதும், உப்பின் அளவைப் பார்ப்பதும் ஒரே வேலை. மொத்த நீர் கூடுவதால் வெப்பமும் உப்பும் சட்டென்று மாறாது. இவையெல்லாம் உண்மையான இலாபங்கள். ஆனால் ஸ்கிம்மர் பழைய நீரின் அளவுக்கு வாங்கியதாக இருந்தால் கூடுதல் மீன்களைத் தாங்காது என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

நஷ்டம் எங்கே வருகிறது? கரண்ட் போகும்போது வருகிறது. 2022இல் நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டை நாம் அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் தடைப்பட்டது. அப்படிப் பம்பு நின்றவுடன் மேலே உள்ள நீரில் ஒரு பகுதி தானாகவே கீழே இறங்கும். வழிவாய் மட்டத்துக்கு மேலே நின்ற நீர் இறங்குவது ஒன்று. நீரை ஏற்றும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், அந்த வாய்க்குக் காற்றுக் கிடைக்கும் வரை அதன் வழியாகவும் நீர் பின்னோக்கி இறங்கும்.

கணக்கைப் பாருங்கள். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமான தொட்டியில் 1 செ.மீ. உயர நீர் 5.4 லீற்றர். இரண்டரை செ.மீ. இறங்கினால் 13.5 லீற்றர். சம்ப் 80க்கு 40 செ.மீ. என்றால், அதில் 10 செ.மீ. வெற்றிடம் 32 லீற்றர் பிடிக்கும். ஒரு தொட்டிக்கு இது தாராளம். இனி 90க்கு 45 செ.மீ. அளவில் இன்னொரு தொட்டியைச் சேர்க்கிறீர்கள். அதன் குழாய் வாய் 8 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அதிலிருந்து மட்டும் 32 லீற்றருக்கு மேல் இறங்கும். மொத்தம் ஏறக்குறைய 46. மிச்சம் 14 லீற்றர் உப்புத் தண்ணீர் உங்கள் தரையிலும் அலுமாரியின் பலகையிலும்தான் போய்ச் சேரும். அதே குழாய் வாயை நீர் மட்டத்தோடு ஒட்டி வைத்தால் 10 லீற்றர் அளவில் நின்றுவிடும். குழாய்க்குள் உள்ள நீரையும் மறக்க வேண்டாம், 1 அங்குலக் குழாயில் ஒரு மீற்றருக்கு அரை லீற்றர் நிற்கும்.

'நொன் ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கிறேன், பயமில்லை' என்பார்கள் சிலர். நல்ல நீரில் சரி. கடல் நீரில் சுண்ணாம்பும் சிறு புழுக்களும் படிந்து, தேவைப்படும் நாளில் அது மூடாமல் போகும். அதை மட்டும் நம்பக் கூடாது.

பாதுகாப்பான மட்டத்தை இப்படிக் கண்டுபிடிக்கலாம். எல்லாப் பம்புகளையும் நிறுத்தி, மேலேயிருந்து இறங்க வேண்டிய நீர் முழுவதும் இறங்கட்டும். பிறகு விளிம்புக்கு 3 செ.மீ. கீழே வரும் வரை சம்பை நிரப்பி, பம்புகளைப் போடுங்கள். மட்டம் தாழ்ந்து நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். எந்த நாளும் அந்தக் கோட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது. நீர் வற்றும்போது ஊற்ற வேண்டியது உப்பில்லாத நல்ல நீர்தான், ஏனெனில் ஆவியாகப் போவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது.

குழாய் வேலையில் இரண்டு தவறுகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு தொட்டிகளையும் விளிம்புக்கு மேலால் வளைத்த ஒரு குழாயால் இணைப்பது. நாளடைவில் அதில் காற்றுச் சேர்ந்து ஓட்டம் அறுந்தால், பம்பு ஏற்றும் பக்கம் வழிந்தோடும். ஒவ்வொரு தொட்டிக்கும் சம்பு வரை தனி இறங்கு குழாய் வேண்டும். அதற்கும் மேலதிகமாக அவசரத்துக்கு ஒன்று. ஒரு நத்தை போதும், குழாயை அடைக்க. மற்றது, ஒரே பம்பிலிருந்து கிளை பிரிப்பது. பதிவாக உள்ள தொட்டிக்கு நீர் இலகுவாக ஓடிவிடும், உயரத்தில் உள்ளது காயும். வால்வு வைத்துச் சரிசெய்யலாம்தான். ஆனாலும் இரண்டு பம்பு வைப்பதையே நான் விரும்புகிறேன். ஒன்று பழுதானாலும் மற்றத் தொட்டி ஓடும். 40 வொட் பம்பு இரவு பகலாக ஓடினால் மாதம் 29 அலகு வரும், அதையும் மின் கட்டணத்தில் சேர்த்துப் பாருங்கள்.

இனி வியாபாரிகளுக்கு மிக முக்கியமான விடயம். இணைத்த தொட்டியில் என்ன வைக்கப் போகிறீர்கள்? பார்வைக்காகவே வைப்பதென்றால் தாராளமாக இணைக்கலாம். விற்பனைக்கு வரும் மீன்களை வைப்பதென்றால், என் அபிப்பிராயம், இணைக்கவே கூடாது. இரண்டு கடைக்கு ஒரே கல்லாப்பெட்டி வைத்தால் எந்தக் கடை நஷ்டத்தில் ஓடுகிறது என்று தெரியாது. நீரும் அப்படித்தான். புதிதாக வந்த ஒரு மீனில் வெண்புள்ளி நோய் இருந்தால், அதன் கிருமி உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, பிறகு வெடித்து, நீரோடு சேர்ந்து அடுத்த தொட்டிக்கும் போகும். செம்பு மருந்து அந்நோயைத் தீர்க்கும். ஆனால் அதே மருந்து இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். ஒரு தொட்டிக்கு மட்டும் மருந்து போட வழியில்லை. நோய் இருப்பது தெரிந்தும் சொல்லாமல் மீனை விற்பது நமக்கு ஆகுமா என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே புது மீன்களுக்கு, மணலும் கல்லும் இல்லாத ஒரு வெறும் தொட்டியும், ஸ்பொஞ் வடிகட்டியும், மறைந்து நிற்க ஒரு துண்டு பீ.வி.சி. குழாயும் போதும். நான்கு வாரமாவது அதில் வைத்துப் பார்த்த பின் விற்பனைக்கு எடுங்கள். அந்தத் தொட்டிக்கு வலையும் வாளியும் தனியாக இருக்கட்டும். ஈர வலையோடும் அந்த நோய் அடுத்த தொட்டிக்குப் போய்விடும்.