சினைப்பையில் பிழைப்பவையும் மடிபவையும்

குழந்தையின்மைச் சிகிச்சைக்குப் போகும் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு உறவுக்காரர்கள் எச்சரிப்பார்கள். "ஊசி போட்டுப் பத்து முட்டையை ஒரேயடியாக எடுத்துட்டா, உனக்குச் சீக்கிரமே தூரம் நின்னுடும், பாத்துக்கோ." மாதத்துக்கு ஒரு முட்டைதான் செலவாகிறது என்ற கணக்கிலிருந்து வரும் பயம் இது. கருத்தடை மாத்திரை சாப்பிட்ட வருடங்களின் முட்டையெல்லாம் மிச்சம் என்று நம்புகிறவர்களும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

அந்தக் கணக்கு தவறு. தாயின் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் பெண்சிசுவின் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டை அணுக்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம்தான் எஞ்சும். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதும் வெளியே வருபவை ஏறக்குறைய 400. மற்றதெல்லாம் உள்ளேயே மடிந்து கரைந்துவிடும். மாத்திரை சாப்பிடும் மாதங்களிலும் இந்த அழிவு நிற்பதில்லை.

முட்டை தனியாக இருப்பதில்லை. கிரானுலோசா செல்கள் அதைச் சூழ்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததுதான் ஸ்கேனில் அளக்கும் ஃபாலிக்கிள். பெரிய ஃபாலிக்கிள்களில் பெரும்பாலும் இந்தச் செல்கள்தான் முதலில் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்கின்றன. 1990களில் ஸ்டான்ஃபோர்டில் ஆரன் ஷ்யூவின் ஆய்வகத்தினர், முட்டை வெளியேறும் தறுவாயில் இருந்த எலி ஃபாலிக்கிள்களைத் தனியே எடுத்து, ஹார்மோன் எதுவும் கலக்காத திரவத்தில் வளர்த்தார்கள். 24 மணி நேரத்தில் செல்களின் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிட்டது. யாரும் அவற்றுக்கு நஞ்சு வைக்கவில்லை. பிழைத்திரு என்ற சேதி வராமல் போனதே போதுமானதாக இருந்தது. எஃப்எஸ்ஹெச் ஹார்மோனையோ, ஐஜிஎஃப்-1, இஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளையோ சேர்த்தபோது அந்தச் சாவு வெகுவாகக் குறைந்தது.

வளர்ச்சிக் காரணி செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டியதும் உள்ளே ஏகேடி என்ற நொதி விழித்துக்கொண்டு, சாவைத் தூண்டும் புரதங்களைக் கட்டிப்போடுகிறது. செல் பிரிவதற்குச் சைக்ளின் டி2 என்ற புரதமும் வேண்டும். அது இல்லாமல் பிறக்கச் செய்த பெண் எலிகளில் எஃப்எஸ்ஹெச் வந்தாலும் கிரானுலோசா செல்கள் பெருகவில்லை; அந்த எலிகள் குட்டி போடவும் இல்லை.

இப்போது அந்த ஊசிக்கு வருவோம். ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்குகின்றன. முந்திக்கொள்ளும் ஒன்று எஃப்எஸ்ஹெச் அளவைக் குறைத்துவிட, மற்றவை மடிகின்றன. சிகிச்சையில் போடும் எஃப்எஸ்ஹெச் ஊசி, அந்த மாதம் எப்படியும் சாகவிருந்தவற்றைக் காப்பாற்றுகிறது. அடுத்த மாதங்களின் கையிருப்பை அது தொடுவதில்லை.

எல்லாம் எஃப்எஸ்ஹெச் போன்ற மூளையடிச் சுரப்பி ஹார்மோன்களின் வேலை, முட்டை சும்மா கிடக்கிறது என்பதும் சரியல்ல. முட்டையே ஜிடிஎஃப்-9, பிஎம்பி-15 என்ற காரணிகளைச் சுரந்து சுற்றியிருக்கும் செல்களைப் பெருகவைக்கிறது. ஜிடிஎஃப்-9 இல்லாத எலிகளில் ஃபாலிக்கிள்கள் ஆரம்பப் படியிலேயே நின்றுபோனதை மார்ட்டின் மட்சுக்கின் குழு 1996-இல் காட்டியது. இந்தத் துறையில் மனதைவிட்டு நீங்காத சான்று நியூசிலாந்தின் இன்வர்டேல் ஆடுகள்தான். பிஎம்பி-15 மரபணுவின் ஒரு நகல் மட்டும் பழுதான பெட்டை ஆடு, வழக்கத்தைவிட அதிகக் குட்டிகளை ஈனுகிறது. இரண்டு நகலும் பழுதானால் சினைப்பை வளர்ச்சியற்ற வெறும் கீற்றாக இருக்கிறது, குட்டியே இல்லை. இதற்குப் பிஎம்பி-15 பழுதுதான் காரணம் என்பது 2000-ஆம் ஆண்டு வெளியானது.

ஆக, வளர்ச்சிக் காரணி கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. உறங்கும் ஃபாலிக்கிள்களை வளரவிடாமல் அடக்கிவைக்கும் ஃபாக்ஸோ3 என்ற புரதம் இல்லாத எலிகளில், எல்லா ஃபாலிக்கிள்களும் ஒரே சமயத்தில் விழித்து, இளவயதிலேயே முட்டை தீர்ந்துபோனது. சொந்த ரத்தத்தின் பிளேட்லெட்டுகளைச் செறிவாக்கிச் சினைப்பையில் ஊசியாகப் போட்டால், அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் சினைப்பையை இளமையாக்கும் என்ற விளம்பரத்தை இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அது இன்னும் பரிசோதனை நிலைச் சிகிச்சை. கட்டணம் கட்டுவதற்கு முன்பே பெண்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

கடைசியாக, பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறைப் பலரும் அழைக்கும் பெயரான 'கர்ப்பப்பை நீர்க்கட்டி'. பிசிஓஎஸ் உள்ள பெண்ணின் ஸ்கேனில் மணிமணியாகத் தெரிபவை கர்ப்பப்பையில் இல்லை, கட்டிகளும் இல்லை. சினைப்பையில் 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை வளர்ந்து முடங்கிய ஃபாலிக்கிள்கள் அவை. ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை இருக்கிறது. அவற்றை வெட்டி எடுத்தால்தான் குழந்தை என்று பயந்து போகிறவர்கள் இன்றும் உண்டு. அவற்றுக்குத் தேவை மேலே வளரத் தூண்டும் சேதி. லெட்ரோசோல் மாத்திரை ஈஸ்ட்ரோஜனைச் சில நாள் குறைக்கிறது. அதனால் எஃப்எஸ்ஹெச் கூடி, முடங்கிய ஃபாலிக்கிள் ஒன்று மறுபடி வளரத் தொடங்குகிறது. அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம்.