வீட்டு மனையின் மண் கழிவுநீரை ஏற்குமா?

செப்டிக் தொட்டி கட்டியவுடன் கழிவுநீர்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கருதுவோர் பலர். தொட்டியில் நடைபெறுவது பாதி வேலையே. திண்மப் பொருள்கள் அடியில் படிந்து ஓரளவு சிதைவுறுகின்றன. வெளியேறும் நீரில் நோய்க் கிருமிகள் எஞ்சியே உள்ளன. அந்நீரை ஏற்று வடிகட்ட வேண்டியது மண்ணாகும். மண்ணின் தகுதியை மனை வரைபடம் காட்டாது. குழி தோண்டித்தான் அறிய வேண்டும்.

1985ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி 2470 இதற்கான ஊடுருவல் சோதனையை விவரிக்கிறது. உறிஞ்சும் அமைப்பு அமையவிருக்கும் ஆழம்வரை சிறு குழி தோண்டி, பக்கங்களைச் சுரண்டி, அடியில் 5 செ.மீ. சரளையோ பருமணலோ இட வேண்டும். அதன்மேல் 30 செ.மீ. உயரம் நீர் நிரப்பி இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். மறுநாள் நீர்மட்டம் இறங்கும் வேகத்தை அளந்து, 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிடம் ஆகிறதெனக் கணக்கிடுவர். 30 நிமிடத்திற்கு மேற்படாமலும் நிலத்தடி நீர் ஆழத்திலும் இருப்பின் உறிஞ்சு குழி போதும். 30 முதல் 60 நிமிடம்வரை பரவல் அகழி தேவை. அதற்கும் மேற்பட்டால் மண்ணை நம்பாது வடிகட்டி அமைப்பதே முறை.

குழியின் அளவையும் இவ்வேகமே தீர்மானிக்கிறது. 4 நிமிட மண்ணில் ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளொன்றுக்கு சுமார் 102 லிட்டர் ஏற்கும். 25 நிமிட மண்ணிலோ சுமார் 41 லிட்டரே. நாள்தோறும் 400 லிட்டர் வெளியேற்றும் வீட்டிற்கு முன்னதில் 4 சதுர மீட்டர் போதும். பின்னதில் 10 வேண்டும்.

ஊறவைக்கும் படியைத் தவிர்ப்பதே பெரும் தவறு. தக்காணத்துக் கரிசல் மண் கோடையில் ஆழமாக வெடிக்கிறது. அப்போது ஊற்றிய நீர் வெடிப்புகளின் வழியே விரைந்து மறைய, மண் சிறந்ததென்று குறித்துவிடுவர். மழைக்காலத்தில் களிமண் உப்பி வெடிப்புகள் மூடியதும் நீர் முற்றத்தில் தேங்குகிறது.

நீர் விரைந்து இறங்குவதும் எப்போதும் நற்குறி அன்று. கேரளத்தின் கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலாகவே உள்ளது; வீட்டுக்கு வீடு கிணறும் உண்டு. அங்கு கழிவுநீர் வடிகட்டப்படுமுன் கிணற்றை எட்டக்கூடும். கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டுமென்பது விதி. சில சென்ட் மனையில் அது அரிது. ஆகவே அனுமதி வழங்கும் அலுவலர் அண்டை மனைகளின் கிணறுகளையும் வரைபடத்தில் குறிக்கச் செய்து, நீர்மட்டத்தை மழைக்காலத்தில் அளந்து பார்த்தல் வேண்டும்.